வீட்டில் முதலீடு: வாடகைக்கு விடுவதா, புதுப்பித்து விற்பதா?

வீட்டை வைத்துச் சம்பாதிக்க இரண்டு வழிகள் உண்டு. வாங்கி வாடகைக்கு விடுவது ஒன்று. பழுதான வீட்டை மலிவாக வாங்கி, சரிசெய்து, சில மாதங்களில் விற்றுவிடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொழில் மாதிரி தெரியும். உள்ளே போனால் வேறு வேறு. வாடகை வீடு நீண்ட நாள் சமாசாரம். மாதாமாதம் சின்னத் தொகை வரும், கூடவே சின்னத் தொல்லைகளும் வரும். வாங்கி விற்பதில் அப்படி ஆற அமர இருக்க முடியாது. வீடு உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

புதிதாக வருபவர்கள் வாடகை வீட்டில் தொடங்குவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். வாடகைக் கணக்கு கொஞ்சம் தப்பினால் அடுத்த வருடம் வாடகையை ஏற்றியோ, கடனில் ஒரு பகுதியை அடைத்தோ சரிக்கட்டிவிடலாம். வாங்கி விற்பதில் அந்த அவகாசம் கிடைக்காது. விற்றுப் பணம் கைக்கு வரும் நாளில்தான் கணக்கு எங்கே தப்பியது என்றே தெரியும்.

ஆனால் இரண்டு வழிக்கும் அடிப்படை ஒன்றுதான்: லாபம் கொள்முதலில் இருக்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய வீட்டை எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், எவ்வளவு அழகாக்கினாலும், அந்த அதிகப்படியை மீட்பது கஷ்டம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

முதலில் கையிருப்பு

வீட்டு விலையில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டு மீதியைக் கடனாக வாங்குவதுதான் வழக்கம். அந்த முதல் பங்கு சேர்ந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பத்திரப்பதிவு, முத்திரைத்தாள், வக்கீல், தரகர், கடன் கொடுப்பவர் வாங்கும் கட்டணங்கள் என்று விலைக்கு மேல் ஒரு தொகை போகும். இதற்கெல்லாம் பெரும்பாலும் கடன் கிடைக்காது, ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். வீடு கைக்கு வந்ததும் பெயிண்ட், குழாய், பூட்டு என்று உடனடிச் செலவும் காத்திருக்கும்.

இவையெல்லாம் போக, ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக ஒரு கணக்கில் இருக்க வேண்டும். வீடு இரண்டு மாதம் காலியாக இருந்து, அதே சமயத்தில் தண்ணீர் மோட்டாரும் பழுதானால் இந்தப் பணம்தான் காப்பாற்றும். இது இல்லாமல் வாங்குவது அகலக்கால் வைப்பது. கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் மாதிரி அதிக வட்டிக் கடன்கள் இருந்தால் அவற்றை முதலில் அடையுங்கள். அந்த வட்டியைத் தாண்டி வருமானம் தரும் வாடகை வீடு கிடைப்பது மிக அரிது.

எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விலை பேச உட்காரும்போது பணம் தயார் என்று சொல்பவருக்குத் தனி மரியாதை உண்டு.

வாடகைக் கணக்கு

ஒரு வீட்டின் விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். பதிவு முதலிய செலவுகள் 80, ஆரம்பப் பழுதுவேலை 40. ஆக அடக்கவிலை 1,120. மாத வாடகை 6, அதாவது வருடத்துக்கு 72. விற்பவர் இதைத்தான் “7.2 சதவீத வருமானம்” என்று சொல்வார். புரோக்கரும் அதையே சொல்வார்.

இப்போது உண்மைக் கணக்குக்கு வருவோம். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று 6 கழியுங்கள், மீதி 66. சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு, கட்டடச் சங்கத்துக்குக் கட்டுவது எல்லாம் சேர்த்து 18 என்று வைத்தால் மிச்சம் 48. அடக்கவிலை 1,120-க்கு 48 என்றால் 4.3 சதவீதம்தான். விளம்பரத்தில் இருந்த 7.2 இங்கே வந்து நிற்கிறது.

அடுத்தது கடன். 700 கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் வருடத்துக்குச் சுமார் 76 தவணை கட்ட வேண்டும். வீடு தருவது 48. ஆக, வருடா வருடம் 28 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். முதல் வருடம் கட்டும் அந்த 76-இல் அசலில் கழிவது சுமார் 13 மட்டுமே, மீதி முழுக்க வட்டி. இதே வீட்டுக்குக் கடன் 400 மட்டும் என்றால் வருடத் தவணை 43 ஆகும். அப்போது வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு 5 மிச்சமும் தரும்.

இதிலிருந்து தெரிவது இதுதான். வீட்டின் நிகர வருமானம் கடன் வட்டியைவிடக் குறைவாக இருந்தால், கடனைக் கூட்டக் கூட வீடு கையைக் கடிக்கும். “வீட்டு விலை ஏறும்போது எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். ஏறலாம். ஆனால் எப்போது ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை, தவணைத் தேதி ஒவ்வொரு மாதமும் வரும். விலையேற்றத்தை உபரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி வாங்காதீர்கள்.

மாத வாடகை விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க முதலீட்டாளர்களிடையே ஒரு குறுக்கு விதி உண்டு. வாடகையில் பாதி, தவணை நீங்கலான செலவுக்கே போய்விடும் என்று இன்னொன்று. வந்து குவியும் வீடுகளில் எதை ஆழமாகப் பார்ப்பது என்று வடிகட்ட இவை உதவும். அதற்கு மேல் நம்பக் கூடாது. மேலே போட்ட கணக்கையே வாடகை 10 என்று மாற்றி, செலவைப் பாதியாக வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு 60 மிஞ்சும், தவணை 76 அப்படியே நிற்கும். வட்டி அதிகமாக இருக்கும் காலத்தில் ஒரு சதவீத விதிக்குப் பொருந்தும் வீடுகூட நஷ்டத்தில் ஓடலாம்.

இந்தக் கணக்கில் வாடகை என்ற ஒரு எண் பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும். அதனால் விற்பவர் சொல்லும் வாடகையை எழுதிக்கொள்ளாதீர்கள். அதே தெருவில், அதே அளவு வீட்டில் குடியிருப்பவர்கள் இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்தும் ரயிலும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, பள்ளி, மருத்துவமனை பக்கத்தில் உண்டா, தண்ணீர் பிரச்சினை இல்லாத இடமா என்று பாருங்கள். நீங்கள் அரைமணி நேரத்தில் போய்ச் சேர முடிகிற இடமாக இருப்பது முதல் வீட்டுக்குப் பெரிய வசதி. ஒரே ஒரு தொழிற்சாலையையோ கல்லூரியையோ மட்டும் நம்பி நிற்கும் பகுதி என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

வீட்டை நேரில் பார்ப்பது

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். ஒரு முறை பகலில் போங்கள், ஒரு முறை இருட்டிய பிறகு போங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாளும் போங்கள். மழைக்கு மறுநாள் வீடு எதையும் மறைக்காது.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். ஓதம் பிடித்த வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஒரு புழுக்க வாடை இருக்கும். சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் உப்பிப் பொரிந்திருந்தாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, நிலத்தடி ஈரம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். வீடு முழுக்கப் பழைய பெயிண்டாக இருந்து ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக அடித்திருந்தால், அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குளியலறை இருக்கும்.

விரிசலில் வித்தியாசம் உண்டு. பூச்சில் தலைமுடி போல் ஓடும் விரிசல் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல் வரிசையோடு படிக்கட்டு மாதிரி போகும் விரிசல், ஒரு முனையைவிட மறுமுனையில் அகலமான விரிசல் ஆகியவை அஸ்திவாரம் அசைந்திருப்பதைக் காட்டலாம். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், எல்லா அறையிலும் அது ஒரே பக்கம் ஓடினால் எச்சரிக்கையாக இருங்கள். கதவுகள் சட்டத்தில் உரசாமல் மூடுகின்றனவா என்றும் பாருங்கள்.

குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதால் பயன் குறைவு. சமையலறை, குளியலறை இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கழிவறையில் தண்ணீரும் ஊற்றுங்கள். வரத்து குறைகிறதா, கழிவுநீர் தேங்கி நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். சுவிட்ச்போர்டுகளில் கருகிய தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மொட்டைமாடிக்கோ கூரைக்கோ கட்டாயம் ஏறிப் பாருங்கள்.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால்கூட ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டு விலையில் ஒரு துளி. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். அமெரிக்காவில் குடியிருப்புகளுக்கு ஈயப் பெயிண்ட் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. இவற்றைச் சாதாரணமாகச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. பாதுகாப்பாக அகற்றுவதற்குத் தனிச் செலவு ஆகும், அதை விலை பேசும்போதே கழிக்க வேண்டும்.

பத்திரம், வில்லங்கம்

சொத்து யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர், அடமானமோ வழக்கோ நிலுவையில் உண்டா, கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா, அனுமதித்த அளவுக்கு மேல் கட்டியிருக்கிறார்களா என்பதையெல்லாம் உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வக்கீல் பார்க்க வேண்டும். விற்பவர் அழைத்துவரும் வக்கீல் போதாது. உள்ளே ஏற்கெனவே குடித்தனம் இருந்தால் அவர்களுடைய ஒப்பந்தத்தையும் முன்பணத்தையும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வருகிறது என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

குடிவருபவரைத் தேர்ந்தெடுப்பது

நல்ல வாடகைக்காரர் கிடைப்பது பாதி வெற்றி. மாத வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்கிறதா என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. அதைவிட முக்கியம், முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுவது. இப்போதைய வீட்டுக்காரரிடம் கேட்டால், அவரைக் காலி செய்ய வைக்கும் ஆசையில் நல்லவிதமாகவே சொல்லக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்த அவசியம் இல்லை.

வருபவரின் சாதி, மதம், குடும்பநிலை இவற்றைப் பார்த்து மறுப்பது பல நாடுகளில் சட்டத்துக்கு விரோதம். எங்கேயாக இருந்தாலும் அது தவறு. வருமானம், பழைய வாடகைப் பழக்கம் இரண்டையும் மட்டும் பாருங்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

சாவியைக் கொடுக்கும் நாளில் அவரும் நீங்களும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மணி நேர வேலையால் இல்லாமல் போகும். என்ன பழுதுக்கு யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அவர் குடிவந்த பிறகு அது அவருடைய வீடு. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

வாடகையை ஏற்றும்போதும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதம் காலியாக இருந்தால் வருட வாடகையில் 8.3 சதவீதம் போய்விடும். ஒழுங்காகக் கொடுத்துவருபவர் சந்தை வாடகையைவிட 5 சதவீதம் குறைவாகக் கொடுத்தாலும், அவரை இழந்து ஒரு மாதம் பூட்டி வைப்பதைவிட அதுதான் லாபம்.

வாங்கிப் புதுப்பித்து விற்பது

இங்கே கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகு இந்த வீடு என்ன விலைக்குப் போகும்? அதே பகுதியில், இதே அளவில், நல்ல நிலையில் உள்ள வீடுகள் கடந்த சில மாதங்களில் விற்றுப் பதிவான விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பது ஆசை, பதிவானதுதான் விலை.

அது 1,000 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் 70 சதவீத விதி என்று ஒன்று புழங்குகிறது. விற்கும் விலையில் 70 சதவீதத்தை எடுத்து, பழுதுச் செலவைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை. பழுதுச் செலவு 150 என்றால் 700-இல் 150 போக 550. மீதி 300-உம் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கும்போது பதிவுச் செலவு 44, ஆறு மாத வட்டி 24, அந்த ஆறு மாதத்துக்கு வரி, மின்சாரம், காப்பீடு 12, மதிப்பிட்டதைத் தாண்டிப் போகும் வேலை 30, விற்கும்போது தரகும் மற்றதும் 40. சேர்த்தால் 150. கையில் நிற்பது 150, அதற்கும் வருமானவரி உண்டு.

இப்போது வீடு விற்க இன்னும் ஆறு மாதம் கூடுதலாக ஆகி, விலையும் 5 சதவீதம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். வட்டியும் இதர செலவும் 36, விலையில் 50, ஆக 86 போய்விட்டது. 150 வர வேண்டிய இடத்தில் 64 தான் வரும். 550-க்குப் பதில் ஆசைப்பட்டு 620 கொடுத்து வாங்கியவருக்கு அந்த 64-உம் கிடையாது. கொள்முதலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அந்த விலைக்கு யார் விற்பார்கள்? பாகம் பிரிக்க அவசரப்படும் வாரிசுகள், தூரத்தில் இருந்துகொண்டு பராமரிக்க முடியாதவர்கள், பல வருடம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் விற்பார்கள். ஏல வீடுகளும் உண்டு. ஆனால் ஏலத்தில் பல சமயம் உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள், குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம். முதல் வீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும் வரிசை

கூரை ஒழுகல், கட்டட உறுதி, வயரிங், குழாய், பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், பெயிண்ட், கடைசியில் விளக்கும் குழாய்ப் பொருத்திகளும். இந்த வரிசை மாறினால் ஒரே சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டிவரும். குளியலறைத் தரைக்குக் கசிவுத்தடுப்பு பூசியதும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்து, மறுநாள் கீழ்த்தளத்துக் கூரையையும் பக்கத்துச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். வேலைக்காரர்கள் அவசரப்படுவார்கள். இந்த ஒரு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கான்ட்ராக்டரிடம் என்னென்ன வேலை, எந்தத் தரத்துப் பொருள், எத்தனை நாளில் என்பதை எழுதி வாங்குங்கள். பணத்தை நாள்கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலையைப் பார்த்துக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வயரிங் முடிந்து சோதித்த பிறகு இவ்வளவு, டைல்ஸ் முடிந்த பிறகு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். கடைசிப் பத்து சதவீதம் சின்னச் சின்னக் குறைகளெல்லாம் தீர்ந்த பிறகுதான். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கும்போது, மற்ற இருவரையும்விட ரொம்பக் குறைத்துச் சொல்பவர் எதையோ விட்டுவிட்டார் என்று வைத்துக்கொண்டு, என்ன விட்டார் என்று கேளுங்கள்.

எதற்குச் செலவழிப்பது என்பதில் உங்கள் ரசனைக்கு இடம் குறைவு. சமையலறை, குளியலறை, வெளிச்சம், சுத்தமான பெயிண்ட், உறுதியான தரை. இவற்றைத்தான் வாங்க வருபவர் பார்ப்பார். அந்தத் தெருவிலேயே அதிக விலைக்குப் போன வீட்டின் விலைதான் உங்களுக்கும் உச்சவரம்பு. அதைத் தாண்டிப் பளிங்கு போட்டால் அதற்குப் பணம் திரும்பி வராது.

விலை இறங்கினால்?

அமெரிக்காவில் 2006-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை 2012-க்குள் நாடு முழுவதும் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் விழுந்தது. பழைய உச்சத்தை மறுபடி தொட 2016 ஆனது. தவணையை வாடகையிலிருந்தே கட்ட முடிந்தவர்கள் பொறுத்திருந்து தாண்டினார்கள். சீக்கிரம் விற்றுவிடலாம் என்று கடன் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2021 நவம்பரில் ஜில்லோ என்ற பெரிய அமெரிக்க வீட்டு விற்பனை இணையதள நிறுவனம், கணினிக் கணிப்பை வைத்து வீடுகளை வாங்கி விற்றுவந்த தன் பிரிவை மூடுவதாக அறிவித்தது. வீட்டு விலையைக் கணிப்பது தாங்கள் நினைத்ததைவிட மிகக் கடினமாக இருந்தது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு தரவு வைத்திருந்தவர்களுக்கே அடுத்த ஆறு மாத விலை பிடிபடவில்லை.

அதனால் விற்பதற்காக வாங்கும் வீட்டுக்கும் வாடகைக் கணக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். சந்தை படுத்துவிட்டால் இதை வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் தைரியமாக இறங்கலாம். முடியாது என்றால் விலையை இன்னும் குறைத்துக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கணக்கும் வரியும்

வீட்டு வரவு செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். ஆணி வாங்கிய ரசீது உட்பட எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். பல நாடுகளில் வாங்கிய கொஞ்ச காலத்துக்குள் விற்றால் லாபத்துக்கு வரி அதிகம். அடிக்கடி வாங்கி விற்பவரின் வருமானத்தைத் தொழில் வருமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். வாங்குவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து, யார் பெயரில் வாங்குவது, எந்தச் செலவைக் கழிக்கலாம், எந்த ரசீது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வீடு ஒரு வருடம் ஓடியதும், வாங்குவதற்கு முன் போட்ட கணக்கையும் நடந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். காலி மாதம் எத்தனை என்று நினைத்தோம், எத்தனை வந்தது? பராமரிப்பு எவ்வளவு கூடியது? அந்த வித்தியாசங்களை அடுத்த வீட்டின் கணக்கில் ஏற்றிய பிறகு, இரண்டாவது வீட்டைப் பார்க்கக் கிளம்புங்கள்.